வெள்ளை நூல்

எடவப்பாதி தொடங்கி இருபத்தோரு நாள்.
வண்டன்மேட்டில் சுவருக்கும் வியர்க்கிறது.
ஷைலஜனுக்குக் கண்ணகலம் அறுபத்தாறு, எனக்கு ஐம்பத்தெட்டு.
காலையில் வந்ததும் குழல்களை நெருக்கி
இரண்டு வட்டமும் ஒன்றாகும் வரை
மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

கம்பம்மெட்டு ராசாங்கம் கொண்டுவந்த ஏலக்காய்,
பொட்டலத்துக்குள் பேருந்துச் சீட்டும் சேர்ந்து.
மேல்விளக்கு. பத்து மடங்கு. இருபது.
குஞ்சம் வைத்த சிறகோடு ஓர் இலைப்பேன்
காயின் சொறிமேல் மலையேறுகிறது.
அதற்கும் மேலே வெள்ளையாய் ஒரு நூல்,
கிளைத்து, கிளைத்து.
பூசணம் என்றெழுதப் பேனாவை எடுத்துவிட்டேன்.

காயைத் திருப்பினேன். பேன் திரும்பியது,
நூல் திரும்பவில்லை.
வலது கண்வில்லையைத் திருகினேன்.
நூல் சுற்றி வந்தது.

டப்பாவில் சிலிக்கா மணிகள்
நீலம் வெளுத்து ரோஜாவாகி எத்தனை நாளோ.
உறை போடாமல் பூட்டிப்போன இரவுகள்.
ஊதுபந்து, வில்லைத்தாள், ஒரே சொட்டுத் திரவம்,
நடுவிலிருந்து வெளியே, அழுத்தாமல்.

போன வாரம் மூன்று பேருக்கு
பூசணம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.
மூன்றாமவர் மருந்துக்குக் கடன் கேட்டு
என் மேசையில் நின்றபடியே போன் செய்தார்.
மழைக்கு உரக்கப் பேசினார்.

"என்னம்மா நோயி?" வாசலில்
குடையை உதறுகிறார் ராசாங்கம்.

"சொல்றேன், உக்காருங்க."
பதிவேட்டைப் பிரித்து
முதல் எண்ணை அழுத்துகிறேன்.