கடைசி மூன்று மீட்டர்

மே பதினெட்டாம் தேதியிலிருந்து
பனியைத் தின்றுகொண்டிருக்கிறது என் இயந்திரம்.
மஞ்சள் வாய், சுழலும் பற்கள்.
மென்றதையெல்லாம் பள்ளத்தாக்குப் பக்கம்
துப்பித் துப்பி ஏறுகிறது.
நல்ல நாளென்றால் நானூறு மீட்டர்.

சாலை எங்கே என்று பார்த்தால் தெரியாது.
அக்டோபரில் நட்டுவைத்த கம்புகளின்
சிவப்பு நுனி தெரிந்தால் சரி.
தெரியாவிட்டால் ஞாபகத்தில் ஓட்டுவேன்:
இது பதினாறாவது கொண்டை ஊசி.
இங்கே பாலம்.
இங்கே போன கோடையில் ஒரு கேரவன்
முதுகொடிந்து கிடந்து
இரண்டு பக்கமும் ஹாரன், ஹாரன்.

பனிக்கடியில் எதுவும் கெடாது.
ஒற்றைக் கையுறை, சக்கர மூடி,
திறக்காத மத்தி மீன் டப்பா.
ஒரு வருடம் முழுப் பல்செட்டு ஒன்று
தார் மேல் உட்கார்ந்து
என்னைப் பார்த்துச் சிரித்தது.

தெற்குச் சரிவில் லிவியோவின் இயந்திரம்.
அவன் பள்ளத்தாக்கு இத்தாலியன் பேசும்,
என்னுடையது ரோமான்ஷ்.
பதினொரு வருடம் ஒரே சமையலறையில்
இரண்டையும் பேசினோம்.
பிறகு எதையும் பேசவில்லை.

நீதிமன்றம் எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்தது,
பனிச்சறுக்குக் கட்டைகளைக்கூட.
நாய்க்கு மட்டும் படிவத்தில் கட்டம் இல்லை.
ஆகவே பிஸ்காவின் வழக்கைக்
கணவாயிடம் விட்டோம்.
சாலை திறக்கிற அன்று அவள் அவனோடு போவாள்.
மூடுகிற அன்று என்னிடம் வருவாள்.
கணக்குப் பார்த்தால் எனக்கு ஏழு மாதம்,
அவனுக்கு ஐந்து.
அவன் கேட்டதில்லை.
நானாகச் சொல்வேனா?

இந்த வருடம் ஏன் இவ்வளவு மெதுவாக, மெங்கியா,
என்று வயர்லெஸ்ஸில் கேட்டார்கள்.
பனி இறுகியிருக்கிறது என்றேன்.
பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.
பக்கத்து இருக்கையில் பிஸ்கா
கண்ணாடியில் மூக்கால் ஈரக்கோடு போட்டாள்.

இன்று காலை பத்தரை.
எனக்கும் அவனுக்கும் நடுவே
மூன்று மீட்டர்.
அவன் இயந்திரம் உறுமுவது
பனிச்சுவர் வழியாக என் பாதத்தில் தெரிந்தது.
அரை மணி நேர வேலை.
நான் எஞ்சினை அணைத்தேன்.
கொஞ்ச நேரத்தில் அங்கேயும் சத்தம் நின்றது.
ரிப்பேரோ என்னவோ.

அப்போதுதான் வந்தாள் அவள்,
சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு.
கீழே தடுப்புக் கம்பியைத் தாண்டியிருக்கிறாள்.
திட்ட வாயெடுத்தேன்.
உதடு நீலம், முழங்காலில் ரத்தம்,
முகம் மட்டும் பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி.
வீட்ஸ்கே என்று பேர் சொன்னாள்.
அவள் ஊரில் மிக உயரமான இடம்
கடலைத் தடுக்கும் கரையாம்.

இதுதான் உச்சியா என்றாள்.
இல்லை, மலை இங்கேதான் மிகவும் தாழ்கிறது,
அதனால்தான் சாலை, என்றேன்.
அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை.
பள்ளத்தாக்கு ஓரமாய்ச் சுவர் இடுப்பளவுதான்.
சைக்கிளை என்னிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு
அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள், குதித்தாள், காணோம்.

எவ்வளவு நேரம் என்று கவனிக்கவில்லை.
யாரோ ஒருத்தியின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
பனி சொட்டியது.

திரும்பி ஏறி வந்தவள் கையில்
பாதி தின்ற ரொட்டி.
லிவியோவின் ரொட்டி, சோம்பு போட்டது.
அங்கே இருப்பவர் கேட்கிறார், என்றாள்,
இன்றைக்கே திறந்தாக வேண்டுமா,
வியாழக்கிழமை என்றால் பரவாயில்லையா என்று.

வயர்லெஸ்ஸை எடுத்தேன்.
மேலே மூடுபனி, என்றேன்.
தடுப்புக் கம்பியில் அறுபது கார் நிற்கிறது, என்றார்கள்.
வானம் கழுவி வைத்த தட்டு போல இருந்தது.
மூடுபனி, என்றேன் மறுபடி.

வீட்ஸ்கே ரொட்டியைக் கிள்ளி
பிஸ்காவுக்குப் போட்டாள்.
பிறகு பெயர்ப்பலகையிடம் போய் நின்று
படமெடுக்கச் சொன்னாள்.
கணவாயின் பெயர் மட்டும் வெளியே தெரிந்தது,
உயரம் பனிக்குள்.
எத்தனை மீட்டர் இது, என்றாள்.
வாயில் வந்த எண்ணை விழுங்கிக்கொண்டு
வியாழக்கிழமை தெரியும் என்றேன்.