இடது கை

வூப்பர்ட்டாலில் ரயில் தொங்கிக்கொண்டு போகும்.
ஆற்றுக்கு மேலே, பச்சை இரும்புக் கால்களைப் பிடித்தபடி,
எங்கள் இரண்டாம் மாடி யன்னலை உரசுகிற மாதிரி.
வந்த புதிதில் எண்ணினேன்.
பிறகு விட்டுவிட்டேன்.
இப்போது எண்ணுவது வேறொன்றை.

பங்குனி பதினேழு: மூன்று. எல்லாம் நித்திரையில்.
பதினெட்டு: இல்லை.
பத்தொன்பது: ஆறு. அதில் ஒன்று தேத்தண்ணிக் கோப்பையோடு.
விநாடியும் எழுதச் சொன்னார் டொக்டர் ப்ரிங்க்மான்.
எழுதுகிறேன். இருபத்திரண்டு. பதினெட்டு. முப்பது.
முப்பது விநாடி எவ்வளவு நீளமென்று எழுத
இந்தக் கொப்பியில் தாள் காணாது.

சாரத்திலிருந்து விழுந்தது நாலு மீற்றர்தான்.
நெற்றி முந்திக்கொண்டது.
படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார்கள்.
வலது முன்மடலில் ஒரு வடு,
பெருவிரல் நகமளவு.
மொழிபெயர்க்க வந்த பொடியன்
'குவிய வலிப்பு' என்றான், ஒரு பேப்பரைப் பார்த்து.
குவியமெண்டால் என்ன தம்பி?
கொஞ்சம் யோசித்தான்.
கண்ணாடியாலை வெயிலைக் கடதாசியிலை பிடிக்கிறதெல்லோ அக்கா,
அந்தப் புள்ளி.

விளங்கியது.
நான் கடதாசியோடு குடியிருக்கிறேன்.

இருபத்தொரு கம்பியைத் தலையில் ஒட்டி
கமராவுக்கு முன்னால் படுக்கவைத்தார்கள்.
இரண்டு இரவு ஒன்றுமே இல்லை.
விருந்தாளி வந்தால் மட்டும்
கைகட்டி நிற்கிற பிள்ளைபோல் இருந்தது மூளை.
மூன்றாம் இரவு ஐந்து தரம்.
தாதி ஓடிவந்து அவர் பெயரைக் கேட்டாள்.
'குகதாசன்' என்ற சொல்
அவர் வாய்க்குள்ளேயே நின்றதை நான் கண்டேன்.
கண் என்னைத்தான் பார்த்தது. எல்லாம் தெரிந்திருந்தது அதற்கு.
வீட்டுக்கு வந்து
தலைமயிரில் காய்ந்த பசையைக் கழுவ
மூன்று தரம் ஷாம்பூ போட்டேன்.

ஒரு படிவம் தந்தார்கள்.
*குணம் மாறியுள்ளதா? ஆம். இல்லை. சிறிது.*

செத்தவீட்டில் சிரித்தார்.
கோயில் பொருளாளரைப் பந்தியில் வைத்து, கள்ளன், என்றார்.
(கள்ளன்தான். எல்லாருக்கும் தெரியும்.)
பத்தொன்பது வருசம் வாய்திறவாத மனிசன்
உன்ரை மீன்குழம்பு எனக்கு ஒருநாளும் பிடிக்கேல்லை, என்றார்,
மூன்றாந்தரம் சோறு போட்டுக்கொண்டு.
விழுந்ததோடு மணமும் போய்விட்டது அவருக்கு.
பிடிக்காத குழம்பு எந்தக் குழம்பு
என்று கேட்கப் போய் விட்டுவிட்டேன்.

சிலநாள் கோபம். கதவு சுவரில் அடிபடும்.
குளிசையின் கோபமா,
வடுவின் கோபமா,
இத்தனை வருசம் நெற்றிக்குப் பின்னால் பூட்டிவைத்த
அவருடைய சொந்தக் கோபமா?
மூன்றையும் தனித்தனியே பிரித்துத் தாருங்கோ, என்றேன்.
டொக்டர் பேனாவை மூடிவைத்தார்.
அந்தப் பழைய மனிசன் திரும்ப வேணுமா என்று
என்னை ஒருவரும் கேட்கவில்லை.
நல்லகாலம்.

யன்னலடியில்தான் அதிகம் வரும்.
தலை இடப்பக்கம் திரும்பும்,
யாரோ பின்னாலிருந்து நாடியைப் பிடித்துத் திருப்பியதுபோல.
பிறகு இடது கை தானாக எழும்பும்.
வாய் திறந்திருக்கும். சொல் வராது.
ஒருநாள் காலை ஏழு நாற்பத்திரண்டுக்கு
அப்படி நிற்கையில் ரயில் போனது.
மஞ்சள் தொப்பி போட்ட ஒரு பிள்ளை
கண்ணாடிக்குள்ளிருந்து கை காட்டியது.

நான் ஆருக்குக் கை காட்டினனான்? பிறகு கேட்டார்.
ஒரு பிள்ளைக்கு, என்றேன்.
அதையும் அவர் யோசித்தார், நெடுநேரம்.

அடுத்த கிழமை முழுக்க அதே நேரம் யன்னலடி.
பிள்ளை கை காட்டும். இவர் கை பொக்கற்றுக்குள்.
வெள்ளிக்கிழமை, கை எழும்பியது. இடது.
நான் பாலை அடுப்பில் விட்டுவிட்டு ஓடிவந்தேன்,
மணிக்கூட்டில் கண்.
ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

எண்ணாதை, என்றார், திரும்பாமல்.
இது நான்.

ரயில் வளைவில் சாய்ந்து மறைந்தது.
கை இன்னும் மேலேதான் இருந்தது.
குசினியில் பால் அடிப்பிடித்துக்கொண்டிருந்தது.
மணத்தது, எனக்கு மட்டும்.