பதினேழாம் மாடிக் குமிழ்

தஞ்சோங் பகாரில் முப்பத்தோரு மாடிகள்.
அவற்றின் மூச்சு என் திரையில் ஓடுகிறது,
தரைக்குக் கீழே மூன்றாம் தளத்தில்,
வெயில் ஓர் எண்ணாக மட்டும் வந்துசேரும் அறையில்.
வெளியே 33.4. மழை இன்னும் இல்லை.
குளிர்நீர் ஏழு டிகிரியில் ஏறிப்போகிறது,
பன்னிரண்டில் களைத்துத் திரும்புகிறது.

ஐந்து நிமிடம் அசையாதிருந்தால்
நான் இங்கே இல்லை என்று முடிவுகட்டி
அறை விளக்கை அணைத்துவிடும்.
கையைத் தூக்கி ஆட்டுவேன்.
கூரையில் இருக்கும் வெள்ளை மொட்டு
சரி, இருக்கிறாய் என்று ஒப்புக்கொள்ளும்.
ஒன்பது வருடமாக
என் இருப்பை இப்படித்தான் மனுப்போட்டு வாங்குகிறேன்.

அன்று பதினேழாம் மாடியில்
காற்றுப்பெட்டியின் கதவு பாதியில் சிக்கிக்கொண்டது.
ஏணியேறி, கூரைப்பலகையை விலக்கி, தலையை உள்ளே விட்டேன்.
மார்புக்கு மேல் கட்டடம், கீழே அலுவலகம்.
இடுக்கு வழியே பார்த்தால் ஒரு பெண்,
சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, செருப்பில்லாத கால்.
சுவரிலிருந்த குமிழை வலப்பக்கம் இரண்டு கோடு திருகினாள்.
காற்றைச் சுவைத்துப் பார்ப்பவள்போல் நின்றாள்.
"இப்போ எப்படி, ஹுய் ஷான்?" என்றது பக்கத்து மேசை.
"பரவாயில்லை. நல்லாயிருக்கு."

அந்தக் குமிழ் எதனோடும் இணைக்கப்படவில்லை.

சுவரை இடித்துத் தள்ளிக் கட்டிய வருடம் கம்பியை வெட்டினோம்.
வெட்டிய முனைகளில் கறுப்பு நாடா சுற்றியவன் நான்தான்.
குமிழையும் கழற்றிவிடவா என்றேன்.
மேலாளர் குவெக் தலையாட்டினார்:
"இருக்கட்டும். பிடித்துத் திருக ஏதாவது வேண்டும் ஆட்களுக்கு.
புகார் குறையும்."
குறைந்தது. நிஜமாகவே குறைந்தது.

ஈசூனில் என் வீவக வீட்டு மின்விசிறிக்கு ஐந்து எண்கள்.
ஐந்தும் உண்மை.
அன்றிரவு மூன்றில் வைத்தேன். தூக்கம் வரவில்லை.
நான்கில் வைத்தேன்.

மறுநாள் பிற்பகல் மூன்று மணி.
17-கிழக்கு. இலக்கு: 23.0.
அரை டிகிரி கூட்டினேன்.
கைத்தலையீட்டுக்குக் காரணம் என்ன என்று கேட்டது திரை.
உணரி பழுது, பராமரிப்பு, வாடகையாளர் கோரிக்கை, மற்றவை.
மற்றவை என்றால் எழுதியாக வேண்டும்.
எழுதினேன், தமிழில்:
கம்பிக்குப் பதிலாக.
பதிவேட்டுக்குத் தமிழ் தெரியாது.
பதினேழு கேள்விக்குறிகளாக அதைச் சேமித்துக்கொண்டது.

"அரை டிகிரியா?" ரோஸ்லான் சிரித்தார்.
"தோலுக்கே தெரியாது, அதற்குப் போய்..."
தெரியாமல் போகட்டும்.
திருகிய கைக்கு ஒரு பதில் போனால் போதும்.

நள்ளிரவில் எல்லாத் தலையீடுகளும் தாமாகவே ரத்தாகும்.
விதி அது.
ஆகவே ஒவ்வொரு நாளும் மூன்று மணிக்கு
கோப்பிக் கோப்பையை ஓரம் தள்ளிவிட்டு
மறுபடி அரை டிகிரி,
மறுபடி பதினேழு கேள்விக்குறிகள்.

தீபாவளிக்கு இரண்டு நாள் விடுப்பு.
முறுக்கு டப்பாவோடு திரும்பி வந்தால்
என் பெயருக்கு ஒரு பணியாணை:
17-கிழக்கு. சுவர்க் குமிழ் வேலை செய்யவில்லை.
இதுவரை நன்றாக இருந்தது. உடனே கவனிக்கவும்.

இரண்டாம் முறையும் படித்தேன்.
இதுவரை நன்றாக இருந்தது.

திருப்புளியோடு மேலே போனேன்.
மூடியைத் திறந்தேன். தூசி,
கறுப்பு நாடா,
எங்கும் போகாத இரண்டு செம்பு முனைகள்.
அவள் பார்த்துவிடாதபடி தோளால் மறைத்துக்கொண்டு
ஊதினேன், மூடினேன்.
"தூசியா?" என்றாள்.
"தூசிதான்."

மணி இரண்டு ஐம்பத்திரண்டு.
பத்து நிமிடம் கழித்துத் திருகிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு
மின்தூக்கிக்கு ஓடினேன்.