எந்த எண்பத்தெட்டு மணி நேரம்

அச்சாவோவிலிருந்து படகு வருவது வியாழக்கிழமை,
கடல் சம்மதித்தால்.
பீப்பாய்களைக் கூழாங்கல் கரையில் உருட்டி இறக்குவார்கள்.
டீசல் இறங்க இறங்க
அதன் விலை ஏறும்.

இருபத்தேழு வீடு, ஒரு பள்ளி, மரத்தால் ஒரு தேவாலயம்.
மூன்று நாள் மழையில் வீடு வீடாகப் போய்க் கேட்டேன்:
என்னென்ன ஓடும், எப்போது ஓடும்?
எர்மெலிந்தாவின் ஃப்ரீசரில் ஆட்டுக்கறி, மட்டி,
முழங்கால் வலிக்கு ஒரு பனிக்கட்டிப் பை.
நவெல்கின் சகோதரர்களிடம் ஒரு வெல்டிங் எந்திரம்;
அதை முடுக்கினால் தீவே ஒருமுறை கண் சிமிட்டும்.
குறித்துக்கொண்டேன்: ஆறு கிலோவாட், ஞாயிறு நீங்கலாக.

இரவில் பள்ளி பெஞ்சில் உட்கார்ந்து
கணினிக்குள் காற்றை ஊற்றினேன்.
இங்கே காற்றுக்குப் பஞ்சமில்லை,
சொன்ன நேரத்துக்கு வராது, அவ்வளவுதான்.
ஜூலையில் சூரியன் வெறும் வதந்தி.
பேட்டரியைக் கூட்டினால் கடன்,
குறைத்தால் இருட்டு.
விடியும் முன் விடை வந்தது:
நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது.
மிச்சம் ஒன்றை வாங்க
இன்னொரு மடங்கு பணம் வேண்டும்.

கூட்டத்தில் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்:
வருடத்துக்கு எண்பத்தெட்டு மணி நேரம்தான்
மின்சாரம் இருக்காது.
அடுப்பில் ஈர விறகு வெடித்தது.

"எந்த எண்பத்தெட்டு?" என்றாள் ஓதிலா.
அவள் மகனுக்கு மூச்சிரைப்பு.
மருந்தை ஆவியாக்கும் அந்தப் பெட்டி
என் பட்டியலில் நூறு வாட்,
'இதர' என்ற தலைப்பின் கீழ்.

என்னிடம் பதில் இல்லை.
கணக்கு மணிகளைத் தூவிவிட்டுப் போகும்,
கோழிக்குத் தூவுவது போல.
எவர் வாசலில் விழுந்தது என்று திரும்பிப் பார்க்காது.

அப்புறம் பேச்சு என் கையை விட்டுப் போயிற்று.
வெல்டிங்கை நிறுத்தலாம் என்றான் இளைய நவெல்கின்;
மூத்தவன் முறைத்தான்.
திருவிழா வாரத்தில் கூடவே கூடாது என்றார்கள்.
காற்று ஓய்ந்தால் முதலில் ஃப்ரீசரை அணையுங்கள்,
திறக்காமல் வைத்தால் கறி ஒரு நாள் தாங்கும்,
என்ற எர்மெலிந்தா
திறக்கிற ஆளைத் திரும்பிப் பார்த்தாள்.
அவர் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெனரேட்டர் ஓட்டும் மில்யலோன்கோ,
வேலை போய்விடும் என்று கோபமாக வந்திருந்தவர்,
கதவோரம் நின்றபடி சொன்னார்:
"பழையதை விற்காதீர்கள்.
இரண்டு பீப்பாய் வையுங்கள்.
எந்த ராத்திரியில் தட்டினாலும் வருவேன்."

தட்டினால் எழுந்து வருகிற ஒருவருக்கு
என் அட்டவணையில் இடமே இல்லை.
ஒரு வரி சேர்த்தேன். என்ன அலகில் எழுதுவது
என்று தெரியாமல் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.

திரும்பும் நாளில் ஓர் இலைகூட அசையவில்லை.
கடல் தகரத் தகடாகக் கிடந்தது.
பின்னால், மேட்டில்,
பழைய எந்திரம் இருமிக்கொண்டிருந்தது.

ஓதிலா வீட்டுக்குத் தனிக் கம்பி, சிறு பேட்டரி
என்று தாள் ஓரத்தில் எழுதியிருக்கிறேன்.
விலை இன்னும் போடவில்லை.