மடியில் கனம்

லிமாவில் இறங்கியபோது காலை ஒன்பது.
அடுத்த விமானம் மாலை நாலேகால்.
நடுவில் கிடைத்ததைச் சில்லறைபோல எண்ணினேன்:
வெளியேறும் வரிசைக்கு ஒரு மணி,
திரும்பி வர ஒரு மணி,
பயத்துக்கு இரண்டு.
மிச்சம் மூன்றில்
பசிபிக்கைப் பார்த்துவிடலாம்.

எலெயுத்தேரியோவின் காருக்கு
பின்கதவு ஒன்று திறக்காது.
"கடலா? இதோ, பதினைந்து நிமிடம்.
முதலில் ஒரு சின்ன வேலை."
எனக்குத் தெரிந்த ஸ்பானிஷ் பதினோரு சொல்,
அதில் நான்கு எண்கள்.
மீதியைக் கைகளால் சொன்னார்.

எந்த ஊரிலும்
சின்ன வேலைக்கு ஒரே நீளம்தான்.

கயாவோவின் சந்தொன்றில்
வில்மர் என்பவர் பட்டறையிலிருந்து
துணிதுவைக்கும் இயந்திரத்தின் மோட்டார் வந்தது,
பழைய செய்தித்தாளில் சுற்றி,
இன்னும் சூடு ஆறாமல்.
டிக்கியில் எரிவாயு உருளை.
பின்இருக்கையில் உருளைக்கிழங்கு மூட்டை.
ஆகவே என் மடியில்.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள்.
எனக்கு வழியே தெரியாது,
பயத்தை எங்கே வைப்பது?

ஜூலை மாதம்.
வானம் தாழ்ந்து, சாம்பலாய்,
"கழுதை வயிறு" என்றார் மேலே காட்டி.
ஊரே அப்படித்தான் சொல்லுமாம்.
மழை என்று சொல்லமுடியாத ஒன்று
கண்ணாடியில் ஒட்டிக்கொண்டே இருந்தது.
அதைத் துடைக்க
வைப்பருக்கு விருப்பமில்லை.

பெயாவிஸ்தாவில் அவர் அக்கா எர்மெலிந்தா
வாசலிலேயே நின்று கத்தினார்.
கத்தியது தம்பியை,
கையில் தேநீர் கொடுத்தது எனக்கு.
நாளை பள்ளிக்கூட அணிவகுப்பு.
பேண்டு வாத்தியக் குழுவுக்கு
நாற்பது ஜோடி வெள்ளைக் கையுறை,
எல்லாம் இரும்புத் தொட்டியில் ஊறிக்கொண்டு.
இயந்திரமோ மூன்று நாளாகச் செத்துக் கிடந்தது.

அவர் தரையில் படுத்தார்.
நான் டார்ச் பிடித்தேன்.
ஒரு திருகாணி உருண்டு அலமாரிக்கடியில் போனது,
மூன்று பேரும் குப்புறக் கிடந்து தேடினோம்.
கைக்கடிகாரம் பார்க்கக்கூடாது என்று
எனக்குள் ஒரு மரியாதை.
பார்த்தேன். பன்னிரண்டு நாற்பது.

பிறகு
அது உறுமியது, இருமியது,
சுவரோரமாய் ஓரடி நகர்ந்து சுற்றத் தொடங்கியது.
வட்டக் கண்ணாடிக்குப் பின்னால்
எண்பது வெள்ளைக் கைகள்
ஒன்றன்மேல் ஒன்று ஏறி, விழுந்து,
விரல் விரித்து,
வா என்றும் போ என்றும் சொல்லாமல்.
எர்மெலிந்தா தம்பியின் முதுகில் ஓங்கி அறைந்தார்.
அதுதான் நன்றி போலும்.

கடலுக்கு இருபது நிமிடம் கிடைத்தது.
லா புந்தா.
மணலே இல்லாத கரை.
பனிமூட்டம் காலடிவரை வந்து நின்றது.
பத்தடிக்கப்பால் பசிபிக் இருப்பதாக
எலெயுத்தேரியோ சத்தியம் செய்தார்.
நம்பினேன், ஏனென்றால் கேட்டது:
அலை பின்வாங்கும்போதெல்லாம்
கூழாங்கற்கள் உருண்டு உருண்டு,
யாரோ இரண்டு கைநிறையச்
சோழி குலுக்குவதுபோல.
குலுக்கிக்கொண்டே இருக்கிறார்,
போடமாட்டேன் என்கிறார்.

ஒரு படம் எடுத்தேன்.
அதில் வெறும் சாம்பல்.

பாதுகாப்புச் சோதனையில்
என் உள்ளங்கையைப் பஞ்சால் துடைத்து
இயந்திரத்துக்குள் வைத்தாள் ஒரு பெண்.
அது கூவியது.
மறுபடி துடைத்தாள். மறுபடி கூவியது.
எங்கே போனாய், என்ன தொட்டாய்?
என் பதினோரு சொல்லில்
மோட்டார் இல்லை, மசகு இல்லை.
கைகளைத் தூக்கி,
சுற்றிச் சுற்றிக் காட்டினேன்.
இன்னும் இரண்டு பேரை அழைத்தாள்.

கடைசி ஆளாக ஏறினேன்.
மடியில் கறுப்பாக ஒரு வட்டம்,
சோப்புக்குப் போகாத வட்டம்.
பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார்,
"நேரம் இருந்ததா? கடல் பார்த்தீர்களா?"

ஜன்னலுக்கு வெளியே
கழுதையின் முதுகு, வெயிலில்,
மைல் கணக்கில் வெள்ளை.
கீழே அந்த ஈரத்தில்
கையுறைகள் காயுமா என்பதே
யோசனையாக இருந்தது.