14.04

பாக்கூவில் ஒருவனை ஏழு நிமிடத்துக்காகத் திருப்பி அனுப்பினேன்.
பதினெட்டு மில்லியன் டொலர் பம்புகள்.
லிஃப்ட் பழுது என்றான்.
படியால் வந்திருக்கலாம் என்றேன்,
பிறகு பகல் சாப்பாட்டுக்குப் போனேன்.
அன்றைக்கு மீன் நன்றாயிருந்தது.

அபர்டீன், டோஹா, பாக்கூ:
பதினாறு வருஷமாய் இதுதான் உத்தியோகம்.
எண்ணெய் வருமுன், விசிறி சுழலுமுன்,
முதல் ஆணி இறங்குமுன்
எது எது பிழைக்கலாம் என்று எழுதிவைப்பது,
பிழைத்தால் யார் கட்டுவது என்றும்.
பிழையில்தான் என் பிழைப்பு.

இப்போது திருகோணமலை.
இரண்டாம் மாடி. ஜன்னல் நிறைய உட்துறைமுகம்.
ஏசி நின்றுபோகிற நாளில்
கப்பலுக்குப் பூசுகிற பெயின்ற் மணம்.
கடலில் காற்றாலை நடப்போகிற கொம்பனி;
ஒரு இறக்கைகூட இன்னும் வந்துசேரவில்லை.
முதலில் அடித்தரை அளக்க வேண்டும்,
அளக்க ஒரு படகு வேண்டும்.
பொதி இலக்கம் நாலு: தொண்ணூறு நாள் வாடகை,
டீசல் உட்பட, ஓட்டி உட்பட,
காலநிலையால் வரும் நட்டம் ஒப்பந்தக்காரருக்கே.
அந்தக் கடைசி வரி என்னுடையது.
வாடைக்காற்று முழுவதையும்
அரை வரியில் இன்னொருவர் தலைக்கு ஏற்றிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை, பகல் இரண்டு மணிக்குக் கேள்வி மூடும்.
இரண்டு நாலுக்கு வந்தார் கிண்ணியா சவாஹிர்,
ஹெல்மெட் கழற்றாமல்,
சேட்டுக்குள் நெஞ்சோடு ஒட்டின உறையோடு.
வங்கியில் பிணைப் பத்திரத்துக்கு முத்திரை குத்துகிறவர்
ஜும்ஆவுக்குப் போய்விட்டாராம்.
"நானும் போயிருக்கோணும் மிஸ்,
இதுக்காகத்தான் இண்டைக்குப் போகல்ல."

நிலந்த சுவர் மணிக்கூட்டைப் பார்த்தான்.
நான் என் கையைப் பார்த்தேன்.
சவாஹிர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.
கொழும்பிலிருந்து வந்த மூன்று பேரில் ஒருவர்
அணைந்துகிடந்த போனை
மிகவும் கவனமாக வாசித்துக்கொண்டிருந்தார்.

உறை மூலையில் எழுதினேன்:
14.04. தாமதம். திறக்காமல் திருப்பப்படுகிறது.
பதிவேட்டில் ஒப்பமிட என் பேனையைக் கேட்டார்.
மூடியைப் போட்டு
இரண்டு கையாலும் திருப்பித் தந்தார்.

நாலு நிமிடத்துக்கு இரங்கினால்
நாளைக்கு நாற்பது நிமிடம் கதவைத் தட்டும்,
அதற்கடுத்த நாள் மேசைக்குக் கீழால் ஒரு கை வரும்.
பார்த்திருக்கிறேன் அந்தக் கைகளை,
நல்ல மணிக்கூடு கட்டியவை.
ஆகவே நான் செய்தது சரி.
இதை எழுதுகிறபோதும் சரிதான்.

மார்கழியில் முன்னேற்ற அறிக்கை வந்தது.
படம் பதினொன்று:
நீலப் படகு, அணியத்தில் ஸாலிஹா என்ற பெயர்,
சுக்கானில், எங்கள் செம்மஞ்சள் அங்கி போட்டு, சவாஹிர்.
கேள்வியை வென்ற கொழும்புக் கொம்பனிக்குப் படகில்லை;
கடிதத்தலைப்பு இருந்தது,
இரண்டு மணிக்கு முன்னே வரத் தெரிந்திருந்தது.
பத்து வீதத்துக்குக் குறைந்த உப ஒப்பந்தத்துக்கு
எங்கள் அனுமதி தேவையில்லை.
அதுவும் என்னுடைய வரி.

இறங்குதுறைக்குப் போனேன், பரிசோதனை என்ற பெயரில்.
உயிர்காப்பு அங்கிகளை எண்ணினேன். சரியாக இருந்தன.
தீயணைப்பான் திகதி சரி.
பிறகு கேட்டேன், கேட்கக்கூடாததை:
அண்டைக்கு உறைக்குள்ளே எவ்வளவு போட்டிருந்தீங்க?

சிரித்தார்.
"தொறக்கக்கூடாதெண்டு நீங்கதானே எழுதினீங்க."

காட்டினார்.
சுக்கானறைக் கண்ணாடி கடகடவென்று ஆடாமலிருக்க
நாலாய் மடித்து இடுக்கில் செருகியிருந்தார்.
உப்புப் பட்டு மஞ்சளாகி,
வெளியே தெரிந்தது என் கையெழுத்து மட்டும்.

எஞ்சின் பிடித்தது.
கண்ணாடி ஆடவில்லை.
குடாவுக்கு வெளியே காற்று பதினெட்டு நொட் என்றார்கள்.
ஒப்பந்தப்படி அது அவருடையது.