ஒண்ணே ஒண்ணு

"ஏற்காடு, ஒண்ணு."
"எத்தன?"
"ஒண்ணு."
கண்டக்டர் எனக்குப் பின்னால் பார்த்தார்,
பக்கத்துக் காலி சீட்டைப் பார்த்தார்,
மடியிலிருந்த மஞ்சள் பையையும் ஒருமுறை.
"ஒண்ணே ஒண்ணா?"
திரும்பி வந்த சில்லறையில்
கொஞ்சம் இரக்கம் ஒட்டியிருந்தது.

அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு
மூன்று சுவர்தான் சொந்தம்.
நாலாவது, செல்லமுத்துவின் தறிப்பட்டறைக்கும் சுவர்.
பதினெட்டு வருஷமாய் அதில்தான்
காலண்டர் மாட்டுகிறேன்.
தேதிகள் நடுங்கிக்கொண்டே கிழியும்.
ராத்திரி கரண்ட் போனால்
தெருவே திடுக்கிட்டு எழுந்து உட்காரும்,
என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று.

அடிவாரம் தாண்டி
மூன்றாவது வளைவில் காது அடைத்தது.
ஏழில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தேன்.
பதிமூன்றில் கைப்பிடிச் சுவர்மேல் ஒரு குரங்கு,
யாரிடமும் எதையும் எதிர்பார்க்காமல்.
அதற்கப்புறம் எண்ணவில்லை.
கீழே சேலம்
உதறாமல் விட்ட பாய் மாதிரி கிடந்தது.

ஏற்காட்டில் மினி பஸ் மாறி
நெல்லிக்கொம்பையில் இறங்கியது நான் மட்டும்.
பஸ் திரும்பிப் போன சத்தம்
சில்வர் ஓக் மரங்களுக்குள் தேய்ந்து தேய்ந்து
ஒன்றுமில்லாமல் ஆன பிறகும்
காதுக்குள் செல்லமுத்துவின் பன்னிரண்டு தறியும்
ஓடிக்கொண்டிருந்தன.
இங்கே யாரிடம் போய் நிறுத்தச் சொல்வது?

தெரு, அலம்பிக் கவிழ்த்த தட்டு.
காப்பிக்கொட்டை காயும் தார்ப்பாய்க்குக்கூட
ஓரங்கள் நேராய் இருந்தன.
நடந்துகொண்டே கடலை மிட்டாய் தின்றேன்.
தின்று முடித்ததும் காகிதம் மிஞ்சியது.
பள்ளிக்கூடத்து முன்னால் பார்த்தேன்,
தண்ணி டேங்குக்குப் பின்னால் பார்த்தேன்.
மாரியம்மன் கோயில் மரத்தடியில்
நேற்றைய சருகு ஒன்றுகூட இல்லை.

மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தவளுக்கு
வெள்ளச்சி என்று பெயர். அது அப்புறம் தெரிந்தது.
"குப்பத்தொட்டி எங்கேங்க?"
அவள் சிரிக்கவில்லை.
"வெச்சாங்க. வெச்சதும் குப்ப வந்துச்சு.
எடுத்துட்டோம்."
மிளகைக் கையால் பரத்தினாள்.
"யாரப் பாக்க வந்தீங்க?"
"யாரையும் இல்லிங்க."
"தனியாவா?"
"ஆமா."
"சரி."

அவ்வளவுதான்.
கூட ஒரு கேள்வி ஒட்டியிருக்காத 'சரி'யை
நாற்பத்தாறு வயதில்
முதல்முறையாகக் கேட்டேன்.
என்ன செய்வதென்று தெரியாமல்
செருப்பைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டேன்.

ஊர் முடிகிற இடத்தில் ஒரு பாறை.
தயிர்சாதத்தைப் பிரித்தேன்.
எலுமிச்சை ஊறுகாயை மறந்து வைத்துவிட்டு வந்திருந்தேன்.
ஒன்றரை மணி இருக்கும்,
முதல் தறி நின்றது.
அப்புறம் இரண்டு மூன்று சேர்ந்தாற்போல.
பனி ஏறி வந்து
காப்பிச் செடிகளை ஒவ்வொன்றாய் எடுத்துக்கொண்டு போனது.
கடைசித் தறி மட்டும் நிற்கவே இல்லை.
அது தறி இல்லை,
என் நெஞ்சுதான் என்று
தெரிந்த நிமிஷம் பயமாகிவிட்டது.
போனை எடுத்தேன். டவர் இல்லை.
யாரைக் கூப்பிட எடுத்தேன் என்று
இன்றுவரை யோசித்துப் பார்க்கிறேன்.

நாலு இருபது பஸ்.
ஏற்காட்டில் மாறினால் அதே கண்டக்டர்.
இந்தமுறை அவர் கேட்கவில்லை,
ஒண்ணே ஒண்ணைக் கிழித்துக் கொடுத்தார்.

சேலம் பஸ் ஸ்டாண்டில் காலடியெங்கும்
பன் கவர், டீ கப், பூ சுற்றிய இலை.
உள்ளங்கை வியர்வையில் ஊறிப்போன
மிட்டாய்க் காகிதத்தை
அங்கே ஒன்றோடு ஒன்றாய்ப் போட்டிருக்கலாம்.
விரல் பிரியவில்லை.

காலண்டர் ஆணியில் குத்தி வைத்திருக்கிறேன்.
அதுவும் நடுங்குகிறது.
அடுத்த புதன்கிழமைக்கு
ஊறுகாயை முதலில் எடுத்து வைக்க வேண்டும்.